வடகலை, தென்கலை: மொழிப் பிரிவு என்னும் பிழைக்கருத்து

நம் ஸம்ப்ரதாயத்தைப் பற்றிப் பிறர் எழுதும் வரலாறுகளிலும், நம்மவரே அச்சிட்டு வழங்கும் சிறு நூல்களிலும் ஒரு கூற்று தவறாமல் காணப்படுகிறது. வடகலையார் வடமொழி வேதத்தைப் பிரமாணமாகக் கொண்டனர். தென்கலையார் ஆழ்வார்களின் தமிழைப் பிரமாணமாகக் கொண்டனர். ஸ்ரீ வேதாந்த தேசிகனும் ஸ்ரீ மணவாள மாமுனிகளும் எதிரெதிரே நின்று இப்பிரிவை உண்டாக்கினர் என்பது அதன் ஸாரம். பலகாலும் சொல்லப்பட்டமையால் இது வரலாறாகவே மதிக்கப்படுகிறது. கிரந்தங்களைத் திறந்து பார்ப்போர்க்கு இதன் மூன்று கூறுகளும் நில்லாமை விளங்கும்.

முதலில் காலத்தை நோக்குவோம். குருபரம்பரைக் கணக்கின்படி தேசிகன் அவதரித்தது 1268, பரமபதித்தது 1369. மாமுனிகள் திருவவதாரம் 1370. ஒருவர் எழுந்தருளிய பின்னரே மற்றவர் தோன்றினார். நேரிற் காணாத இருவர் எதிரெதிரே நின்று வாதிட்டனர் என்பது எங்ஙனம் கூடும்?

இனி மொழியை எடுத்துக்கொள்வோம். தேசிகன் தம் ஸித்தாந்தத்தின் திரண்ட பொருளை வைத்தருளிய ரஹஸ்யத்ரயஸாரம் மணிப்பிரவாளத்தில் அமைந்தது. அதன் அதிகாரங்கள்தோறும் சுலோகமும் தமிழ்ப் பாசுரமும் சேர்ந்தே நிற்கின்றன. அதிகார சங்கிரகத்தில், வேதத்தில் தெளிவுபடாத இடங்கள் ஆழ்வார்களின் தமிழை ஓதுவதனாலேயே தமக்குத் தெளிகின்றன என்னும் கருத்தை அவர் வெளிப்படையாக அருளிச்செய்கிறார். அமலனாதிபிரானுக்கு முனிவாஹனபோகம் என்னும் வியாக்யானம் இட்டார். திருவாய்மொழியின் பதிகக் கருத்துகளைத் த்ரமிடோபநிஷத் தாத்பர்ய ரத்நாவளியில் வடமொழிச் சுலோகங்களாகத் திரட்டினார். தமிழ் மறையின் பொருளை வடமொழி வல்லாரும் அறிய வேண்டும் என்னும் திருவுள்ளம் இல்லையேல் இம்முயற்சிக்கு வேறு பயன் யாது? வடகலையார் காலக்ஷேபத்தில் கிரந்த சதுஷ்டயம் என வழங்குவன நான்கு: ஸ்ரீபாஷ்யம், கீதாபாஷ்யம், ரஹஸ்யத்ரயஸாரம், பகவத்விஷயம். இந்நான்காவது திருவாய்மொழி வியாக்யானமே. தமிழைப் பிரமாணமாகக் கொள்ளாதவர் அதனை ஆசாரியன் திருவடியில் அமர்ந்து கேட்பானேன்?

மறுபுறத்தையும் பார்ப்போம். பிள்ளை லோகாசாரியரின் ஸ்ரீவசனபூஷணம் தென்கலையாரின் தலைமையான கிரந்தம். அதன் முதல் ஸூத்திரமே வேதார்த்தத்தை நிச்சயிக்கும் வழியைக் கூறுகிறது. ஸ்மிருதி, இதிஹாஸ புராணங்களே அதற்குக் கருவி என்கிறது. வேதத்தை விலக்கியவர் நூலை அவ்வாறு தொடங்கார். மாமுனிகள் காஞ்சியில் கிடாம்பி நாயனாரிடம் ஸ்ரீபாஷ்யம் கேட்டார் என்பது நம் பெரியோர் போற்றிவரும் செய்தி. எதிராஜ விம்சதியை அவர் வடமொழியிலேயே அருளிச்செய்தார். ஈட்டில் நம்பிள்ளை எடுத்தாண்ட வடமொழி மேற்கோள்களைத் தேடித் தொகுத்துப் பிரமாணத் திரட்டும் செய்தருளினார். ஈட்டை நம்பெருமாள் ஓராண்டு முழுவதும் கேட்டருளிய பெருமையைச் சொல்லி மகிழ்கிறோம். அவ்வீட்டின் வேர்களைத் தேடி அவர் வடமொழிக் கடலில் ஆழ்ந்த உழைப்பையும் நினைத்தல் வேண்டும்.

மொழியே பிரிவுக்கு அளவுகோல் எனின் எம்பெருமானாரை எங்கு வைப்பது? அவர் அருளிச்செய்த ஒன்பது கிரந்தங்களும் வடமொழியே. ஆயினும் தென்கலையார்க்கு அவரே உயிர்நிலை. திருவாய்மொழிக்கு உரையிடும்படி திருக்குருகைப்பிரான் பிள்ளானை நியமித்தவரும் அவரே. அந்த ஆறாயிரப்படி இரு கலையார்க்கும் பொது. உபயவேதாந்தம் என்னும் சொல்லுக்கே இரு வேதாந்தங்களையும் ஒருசேரக் கொள்ளுதல் என்பது பொருள்.

ஆயின் பேதமே இல்லையோ எனில், உண்டு. பிரபத்தியின் ஸ்வரூபம், ஈச்வரன் கிருபைக்குச் சேதனன் பக்கலில் ஒரு வியாஜம் வேண்டுமோ என்பது, பிராட்டியின் உபாயத்வம், கைவல்யத்தின் நிலை முதலிய விஷயங்களில் இரு மரபும் வெவ்வேறு நிர்வாஹங்களைக் கொண்டுள்ளன. அவை ஆழ்ந்து ஆராயத்தக்க அர்த்தபேதங்கள். மொழிப் பற்றினால் விளைந்தவை அல்ல. கலை என்பதற்கு வித்தை, நூல் என்னும் பொருள் உண்டு. வடகலை வடமொழி நூல், தென்கலை தமிழ் நூல். இப்பெயர்கள் பிற்காலத்தில் குடிகளுக்கு உரியனவாயின. பெயரின் சொற்பொருளையே கொள்கையாகப் படித்ததனால் இம்மயக்கம் பிறந்தது. திருமண் காப்பு, கோஷ்டியில் முதன்மை, வாழித்திருநாமம் ஆகியவை பற்றி ஆங்கிலேயர் காலத்து நீதிமன்றங்களில் நிகழ்ந்த வழக்குகள் அதனை மேலும் இறுக்கின.

பழைய பெரியோர் இவ்வாறு இருந்திலர். மாமுனிகளின் அஷ்டதிக்கஜங்களுள் ஒருவரான பிரதிவாதி பயங்கரம் அண்ணன், தேசிகனின் திருக்குமாரரான நயினாராசாரியரிடம் பயின்றவர். தேசிகன் மீது ஸப்ததி ரத்நமாலிகை பாடியவரும், திருமலையில் ஒலிக்கும் ஸுப்ரபாதத்தை அருளிச்செய்தவரும் அவரே. திருவரங்கத்தில் துருக்கர் படையெடுப்பு நேர்ந்தபோது லோகாசாரியர் நம்பெருமாளைக் காத்தெடுத்துச் சென்று ஜ்யோதிஷ்குடியில் திருநாட்டுக்கு எழுந்தருளினார்; தேசிகன் ஸ்ரீபாஷ்ய வியாக்யானமான ச்ருதப்ரகாசிகையைக் காத்து ஸத்யாகாலம் சேர்ந்தார். முன்னவர் காத்த பெருமாளை இரு கலையாரும் ஸேவிக்கிறோம். பின்னவர் காத்த நூலை இரு கலையாரும் வாசிக்கிறோம்.

இப்பிழையால் வரும் கேடு சிறிதன்று. தமிழை நாம் பேணினோம், அவர் இகழ்ந்தார் எனத் தென்கலைப் பிள்ளைகளும், வேதம் எம்மிடமே நின்றது என வடகலைப் பிள்ளைகளும் கேட்டு வளர்கின்றனர். அதனால் முன்னவர் ரஹஸ்யத்ரயஸாரத்தின் பாசுரங்களைக் காண்பதில்லை. பின்னவர் ஈட்டின் நயங்களை அறிவதில்லை. இரு திறத்தாரும் இழப்பது தம் முன்னோர் தேடிவைத்த செல்வத்தையே. புறத்தார் தம் மொழிப் பூசல்களுக்கு நம் ஆசாரியர்களைச் சாட்சியாக இழுப்பதற்கும் இக்கூற்றே இடந்தருகிறது. ஆதலின் சிறு நூல் வெளியிடுவோர் இக்கூற்றை அச்சேற்றுமுன் மேற்கூறிய கிரந்தங்களுள் இரண்டையேனும் எடுத்துப் பார்ப்பாராக. காலக்ஷேபம் சொல்லும் பெரியோர் ஆறாயிரப்படியையும் ஈட்டையும் தாத்பர்ய ரத்நாவளியையும் அருகருகே வைத்து ஒரு பதிகத்தையேனும் சிஷ்யர்க்கு விளக்கியருள வேண்டும் என்பது அடியேன் விண்ணப்பம்.