கடல் எங்கே போச்சு?

புதைபடிவ அருங்காட்சியகம் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் கற்களைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். கல்லுக்குக் கீழே ஒட்டியிருக்கும் நாலு வரிச் சீட்டை யாரும் விமர்சிப்பதில்லை. அதுவும் ஒரு எழுத்துதானே? லத்தீன் பெயர், 'கிரெட்டேசியஸ் காலம்', கிடைத்த ஊர். முடிந்தது. எங்கள் தொழிலில் இதை லாக் ஃபைல் என்போம். எழுதியவருக்கு மட்டும்தான் புரியும்.

அதை உரக்க வாசித்துச் சொல்கிற வேலை பெரும்பாலும் பேரப்பிள்ளைகளோடு வரும் பெரியவர்கள் தலையில் விழுகிறது. காயல்பட்டினத்திலிருந்து வாப்பாவும் ராத்தா பிள்ளைகளும் வந்திருந்தபோது அப்படி ஒரு காட்சிக்கூடத்துக்குப் போனோம். அம்மோனைட் சுருளைப் பார்த்ததும் சின்னவன், "இது நம்ம கடக்கர சங்குதானே?" என்றான். சீட்டு பதில் சொல்லவில்லை. கணவாய்க்குத் தூரத்துச் சொந்தம் என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் போதும், கணவாய் தின்று வளர்ந்த பையனுக்கு அது பாடம். வாப்பாதான் சமாளித்தார்: "கொற்கைல முன்னாடி கடல் இருந்துச்சுல்லா? இப்ப எவ்வளவு தள்ளிப் போயிடுச்சு. அரியலூர்லயும் அப்படித்தான்."

நல்ல உவமை, ஆனால் பாதிதான் சரி. கொற்கையில் தாமிரபரணி வண்டல் கொட்டி கரையைத் தள்ளியது சுமார் 2,000 ஆண்டுக் கதை. அரியலூர்க் கடல் ஏழு கோடி ஆண்டுக்கும் முந்தியது. கொற்கையை ஒரு படி என்று வைத்தால், 35,000 படி இறங்க வேண்டும். இந்தக் கணக்கை ஒரு சுவர் காட்டியிருக்கலாம். அதற்குப் பதில் வாசலில் ஃபைபர் டைரனோசரஸ் நிற்கிறது, நம் மண்ணில் கிடைக்காத மிருகம்.

நம் மண்ணில் கிடைத்ததன் கதையோ வேறு. அரியலூர் கல்லமேட்டில் கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளுக்கு யாதகிரியும் அய்யாசாமியும் 1980களில் புருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டும் இரண்டு மீட்டர். முதலில் அதை ஊனுண்ணி என்றார்கள், பிறகு தாவரம் தின்னும் நெட்டைக்கழுத்து வகை என்று மாற்றிக்கொண்டார்கள். சரிபார்க்க வழியில்லை. எலும்புகள் உதிர்ந்து போய்விட்டன. சில படங்களும் வரைவுகளும்தான் மிச்சம். உலகின் மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றா என்ற விவாதம் இன்றும் அந்தத் தாள்களை வைத்துத்தான் நடக்கிறது.

இதைக் காட்ட ஃபைபர் வேண்டாம். ஒரு சுவரில் இரண்டு மீட்டர் கோடு கிழித்து, 'இந்த நீளத்தில் ஒரு எலும்பு நம்மிடம் இருந்தது' என்று எழுதினால் போதும். பெரியவன் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்று உயரம் பார்ப்பான்.