பின்சீட்டிலிருந்து ஒரு தீர்ப்பு: ஏலகிரி வளைவுகளில் இரட்டை சைக்கிள்

சைக்கிளில் டபுள்ஸ் போனால் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிடுவார் என்ற பயத்தில் வளர்ந்தவன் நான். கேரியரில் இருப்பவன் தெருமுனைக்கு முன்பே குதித்து இறங்கி, நல்ல பிள்ளையாக நடந்து, திருப்பம் தாண்டி மறுபடி ஏறிக்கொள்வான். 52 வயதில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, பயமில்லாமல் டபுள்ஸ் போக ஒரு வாய்ப்பு வந்தது. இந்தமுறை பின்னால் இருப்பவனும் மிதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

வண்டி என் அக்கா மகனின் நண்பருடையது. வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பும்போது பழையதாக வாங்கி வந்த மலைப்பாதை டேண்டம். இரண்டு வாரம் இரவல் வாங்கி ஏலகிரி மலைச்சாலையிலும் ஜவ்வாது மலையின் மண் பாதைகளிலும் ஓட்டினோம். அக்கா மகன், அதாவது மாப்ளை, முன்னால். நான் பின்னால். டேண்டம் பற்றி நான் படித்த விமர்சனங்கள் எல்லாம் முன்சீட்டுக்காரர்கள் எழுதியவை. ஹேண்டில், பிரேக், கியர் மூன்றும் அவர்கள் கையில். சாலையும் அவர்கள் கண்ணில். பின்சீட்டுக்காரனுக்குத் தெரிவது ஒரு முதுகு. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே எழுதியது இது.

நம்மில் பலருக்கு டேண்டம் என்றால் கொடைக்கானல் ஏரிக்கரையில் வாடகைக்கு எடுத்து ஒரு சுற்று வந்து, போட்டோ பிடித்துத் திருப்பிக் கொடுக்கும் வண்டி. மலைக்கென்று செய்த டேண்டம் வேறு சாதி. டேப் வைத்து அளந்தேன்: நீளம் 2.42 மீட்டர். எடை 19 கிலோ. சக்கரத்துக்கு 40 போக்ஸ் கம்பி. டயர் அகலம் 2.1 அங்குலம். முன்னும் பின்னும் 203 மில்லிமீட்டர் டிஸ்க் பிரேக். இடப்பக்கம் ஒரு செயின் இரண்டு பெடல் செட்டையும் இணைக்கிறது. வலப்பக்கச் செயின்தான் பின்சக்கரத்தைச் சுற்றுகிறது. இது எந்தக் காரிலும் நுழையாது. திருப்பத்தூர் வரை குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போனோம். வாடகையைக் கேட்டதும் அக்கா, “அந்தக் காசுக்கு ரெண்டு பேரும் பஸ்லயே ஏலகிரி போயிட்டு வந்திருக்கலாமே” என்றார். பதில் சொல்லவில்லை.

ஏறி உட்காருவதே ஒரு பாடம். முன்னால் இருப்பவர் கால்களை அகட்டி ஊன்றி, பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பின்னால் இருப்பவர் முதலில் ஏறி, இரண்டு பெடலிலும் கால் வைத்து, பெடலைச் சுற்றிச் சரியான நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அப்படிச் சுற்றும்போது முன்பெடலும் கூடவே சுற்றும் என்பதை நான் மறந்தேன். மாப்ளையின் முழங்காலுக்குக் கீழே அதன் தழும்பு இன்னும் இருக்கிறது.

பொன்னேரியிலிருந்து ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். முதல் ஏழுக்குப் புலவர்கள் பெயர், அடுத்த ஏழுக்குக் கடையெழு வள்ளல்கள் பெயர். பாரியின் பலகையைக் கடக்கும்போது நாக்கு வெளியே தள்ளிவிட்டது. பக்கத்தில் ஒரு முல்லைக்கொடி இருந்திருந்தால் நானும் வண்டியைச் சாத்திவிட்டு நடந்திருப்பேன். முன்னால் 24 பல், பின்னால் 34 பல் கொண்ட கடைசிக் கியரில் ஒரு முழு மிதிக்கு வண்டி ஒன்றரை மீட்டருக்கும் குறைவாகவே நகர்கிறது. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 5 கிலோமீட்டர் சொச்சம். நடைவேகம்தான், ஆனாலும் நிற்கவில்லை. இந்தக் கியர் இல்லாத டேண்டத்தை மலைக்குக் கொண்டுபோவது வீண்.

ஏற்றத்தில் ஒன்று புரிந்தது. தனிச் சைக்கிளில் மிதி கனத்தால் நானே கியரைக் குறைத்துக்கொள்வேன். இங்கே என் முட்டி படும் பாடு முன்னால் இருப்பவனுக்குத் தெரியாது. எழுந்து நின்று மிதிப்பதென்றால் இருவரும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். சொல்லாமல் ஒருவர் எழுந்தால் வண்டி பாம்பாக நெளியும். இரண்டு பெடலும் ஒன்றாகச் சுற்றுவதால், முன்னவர் மிதிப்பதை நிறுத்தினால் பின்னவரும் நிறுத்தியே ஆக வேண்டும். அமெரிக்காவின் டாவின்சி டேண்டங்களில் ஒருவர் மிதிக்க மற்றவர் ஓய்வெடுக்கலாம். இந்த வண்டியில் அந்த வசதி இல்லை. ஆனாலும் “மாமா, மிதிக்கிறீங்களா?” என்ற கேள்வி வளைவுக்கு ஒருமுறை வந்துகொண்டே இருந்தது. கால் சுற்றுவது வேறு, மிதிப்பது வேறு என்பது அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

இறக்கம்தான் இந்த வண்டியின் உண்மையான பரீட்சை. எடை இரண்டு பேருடையது. காற்றை எதிர்க்கும் முகமோ ஏறத்தாழ ஒருவருடையது. பிரேக்கை விட்டால் வேகம் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. நாங்கள், வண்டி, பை எல்லாம் சேர்த்து 162 கிலோ. 600 மீட்டர் உயரத்திலிருந்து அந்த எடையை இறக்கும்போது வெளியாகும் ஆற்றலைக் கொண்டு மூன்று லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். ஒரு பங்கு காற்றில் போகும். மிச்சமெல்லாம் பிரேக்கின் தலையில். ரிம்மைப் பிடிக்கும் பழைய பிரேக்காக இருந்தால் ரிம் சூடேறி ட்யூபே வெடிக்கும். டிஸ்க் அந்த ஆபத்தைத் தவிர்க்கிறது, ஆனால் முழுக்க அல்ல. இடைவிடாமல் அழுத்திக்கொண்டே இறங்கினோம். பாதி மலையில் கருகிய வாடை வந்தது, பிரேக் பிடி தளர்ந்தது. நிறுத்தி, கால் மணி நேரம் ஆறவிட்டோம். அதன்பிறகு நேர்ச்சாலையில் விட்டுவிட்டு, வளைவுக்கு முன் ஓங்கிப் பிடித்து, மறுபடி விட்டோம். பிரச்சினை வரவில்லை.

பழைய மலை டேண்டங்களில் ஜப்பானின் அராய் டிரம் பிரேக் ஒன்று கூடுதலாக இருக்கும். வேகத்தைக் கட்டிவைக்க மட்டும் அது. அதன் பிடியைப் பலர் பின்சீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுவார்கள். இப்போது அதன் உற்பத்தி நின்றுவிட்டது. எனக்கு அது இல்லாத குறை பெரிதாகத் தெரிந்தது. கையில் ஒரு பிரேக் இருந்தால் பயம் பாதியாகும்.

ஜவ்வாது மலைக்கு ஆலங்காயம் வழியாக ஏறினோம். காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்துப் பெரிய தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர் விட்டம். எங்கள் சைக்கிள் அதைவிட 8 சென்டிமீட்டர் நீளம் என்று மாப்ளை பெருமைப்பட்டுக்கொண்டான். அதைத் தாண்டி, சாமைக் கொல்லைகளுக்கு நடுவே ஊரை ஊர் இணைக்கும் மண் வழிகளில் இறங்கினோம்.

மண்ணில் இந்த வண்டி என்னை ஆச்சரியப்படுத்தியது. பின்சக்கரத்தின் மேல் ஒரு முழு ஆள் உட்கார்ந்திருப்பதால் சரளைக்கல் ஏற்றத்தில் டயர் வழுக்கவில்லை. செங்குத்தான இறக்கத்தில் முன்பிரேக்கை ஓங்கிப் பிடித்தாலும் வண்டி குப்புறக் கவிழ்வதில்லை, நீளம் காப்பாற்றுகிறது. அதே நீளம்தான் வேறு இடத்தில் கழுத்தறுக்கிறது. வேகத்தடையில் பஸ் தட்டுவதுபோல, மேடான பாறையில் வயிறு தட்டி முன்பல்சக்கரம் உரசியது. குறுகிய திருப்பங்களில் இறங்கித் தூக்கித்தான் திருப்ப வேண்டியிருந்தது. குழியைக் கண்டால் தனிச் சைக்கிளில் சீட்டிலிருந்து எழுந்துகொள்வோம். பின்னால் இருப்பவனுக்குக் குழி தெரியாது. முதுகெலும்புதான் சேதி சொல்லும். இரண்டாம் நாள் நாங்கள் ஒரு பாஷை உண்டாக்கிக்கொண்டோம்: “பள்ளம்”, “எந்திரி”, “விடு”, “கியர்”. மரியாதை விகுதி சேர்க்க நேரமில்லை. “எந்திரிங்க” என்று முடிப்பதற்குள் பள்ளம் வந்துவிடும். பின்சீட்டுக் கம்பியில் ஸ்பிரிங் இருந்தும் முதுகெலும்புக்கு இந்த அடி என்றால், ஸ்பிரிங் இல்லாத வண்டியை நினைத்துப்பாருங்கள்.

பெடல்களை மாற்றி அமைத்தும் ஒருநாள் ஓட்டினோம். இடப்பக்கச் செயினைக் கழற்றி, பின்பெடலைக் கால் சுற்று தள்ளி மாட்டினால், ஒருவர் மிதி ஓயும் இடத்தில் மற்றவர் மிதி விழும். மண் ஏற்றத்தில் இழுவை வெண்ணெய்போல் இருந்தது. ஆனால் சேர்ந்து எழுந்து நிற்க வரவில்லை. வளைவில் சாயும்போது யாராவது ஒருவரின் பெடல் தரையை நோக்கியே இருக்கிறது. மாலையில் பழையபடி மாற்றிவிட்டோம்.

மூன்றாம் நாள் அந்தச் செயினே கழன்றது. முன்பெடல் அச்சைத் திருகி இறுக்கத்தைச் சரிசெய்யும் அமைப்பு, அதிர்ச்சியில் தளர்ந்திருந்தது. அறுகோணச் சாவி ஒன்று போதும், பத்து நிமிட வேலை. பின்சக்கரம் லேசாக ஆடியது. ஆலங்காயத்தில் ஒரு சைக்கிள் கடைப் பெரியவர் கோட்டம் எடுத்துக் கொடுத்தார். 40 கம்பியை எண்ணிப் பார்த்துவிட்டு, “ரிக்‌ஷா சக்கரம் மாதிரி கட்டியிருக்கான்” என்றார். நிறுவனக் கையேட்டில்கூட இவ்வளவு பொருத்தமான வர்ணனை இல்லை.

என் தீர்ப்பு இது. தார் மலைச்சாலைக்கு இந்த வகை வண்டியை மனமுவந்து சொல்வேன். கரடுமுரடான மண் பாதைக்கு, பின்சீட்டுக்காரருக்கு ஒரு பிரேக் பிடி பொருத்தித் தந்தால் சொல்வேன். ஜெர்மனியின் ஹாஸே பினோ வண்டியில் துணைக்கு வருபவர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து பாதையைப் பார்த்துக்கொண்டே மிதிக்கிறார், ஓட்டுபவர் பின்னால். அதைச் செய்தவர் ஒருமுறையாவது பின்சீட்டில் மலை இறங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். பார்வையில்லாத நண்பரை அழைத்துப் போக விரும்புகிறவர்களுக்கு டேண்டத்தைவிட நல்ல சைக்கிள் இல்லை. பாராலிம்பிக்கில் பார்வைக் குறைபாடுள்ள வீரர்கள் பின்சீட்டில்தான் பந்தயம் ஓட்டுகிறார்கள். ஆனால் அவர்களுக்கும் சொல்லிக்கொண்டே ஓட்டும் வாய் முன்னால் இருக்க வேண்டும்.

காட்டுக்குள் போகும் மண் வழிகளுக்கு வனத்துறையிடம் கேட்டுவிட்டுப் போங்கள். வாங்குவதாக இருந்தால், பணம் கொடுக்கும் முன், ஓட்டப்போகிறவரைப் பின்சீட்டில் உட்காரவைத்து ஐந்து கிலோமீட்டர் மண் பாதையில் கூட்டிப்போங்கள். மாப்ளையை நான்காம் நாள் அப்படி உட்காரவைத்தேன். ஒரு கிலோமீட்டரில் இறங்கிக்கொண்டான்.