முதல் மொழியும் தரவரிசைப் பட்டியல்களும்

"முதல்ல எந்த லாங்குவேஜ் கத்துக்கலாம்?" என்று கேட்கிறவர்களில் பாதிப்பேர் கையில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கிறது. டியோபி தரவரிசை, அல்லது அதைப் பார்த்துச் செய்த ஒரு வீடியோ. பட்டியலில் முதலில் இருப்பதைப் படித்தால் வேலை கிடைத்துவிடும் என்பது கணக்கு. இந்தக் கணக்கை நம்பி ஆறு மாதமும் வீட்டில் புரட்டிய பணமும் போகிறது என்பதால்தான் இதைக் கொஞ்சம் கறாராகப் பார்க்க வேண்டியிருக்கு.

டியோபி நெதர்லாந்து நிறுவனம். 2001 முதல் பட்டியல் போடுகிறது. அது எண்ணுவது வேலைகளை அல்ல, எழுதப்பட்ட நிரல்களையும் அல்ல. ஒரு மொழியின் பெயரோடு 'புரோகிராமிங்' என்ற சொல்லைச் சேர்த்து தேடுபொறிகளில் போட்டால் எத்தனை பக்கங்கள் வருகின்றன என்பதுதான் அடிப்படை. இது சிறந்த மொழிகளின் பட்டியல் இல்லை என்று அவர்களே பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதை யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுப்பதில்லை!

விளைவைப் பாருங்கள். 2025 ஆகஸ்ட் பட்டியலில் பெர்ல், டெல்ஃபி, ஃபோர்ட்ரான், அடா எல்லாம் முதல் இருபதுக்குள் இருக்கின்றன. டைப்ஸ்கிரிப்ட் இல்லை. அதே மாதத்தில்தான் கிட்ஹப்பில் பங்களிப்பாளர் எண்ணிக்கையில் டைப்ஸ்கிரிப்ட் முதலிடத்துக்கு வந்தது. இரண்டுமே பொய் இல்லை. எண்ணுகிற பொருள் வேறு, அவ்வளவுதான். ஆனால் இந்த இரண்டில் எதுவும் கோயம்புத்தூரில் இருந்து முதல் வேலை தேடுகிற ஒருவரின் கேள்விக்குப் பதில் இல்லை.

பட்டியலை விட்டால் அடுத்த வழிகாட்டி பாடத்திட்டம். நம் பிளஸ் டூ கணினி அறிவியலில் பல வருடங்கள் ஸ்டார் ஆபீஸும் சி பிளஸ் பிளஸும்தான் இருந்தன. அதன்பின் வந்த புதிய பாடத்திட்டத்தில் பதினொன்றில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைத்தான். நல்ல மாற்றம். கல்லூரி லேப்களில்தான் சோகம். நீல நிறத் திரையோடு டர்போ சி இன்னும் பல இடங்களில் உயிரோடு இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் வந்த கருவி, இன்றைய விண்டோஸில் நேரடியாக ஓடாது, டாஸ்பாக்ஸ் வைத்து ஓட்டுகிறார்கள். சி பிளஸ் பிளஸுக்கு முதல் தரநிலை வந்ததே 1998-ல். அதற்கு முந்தைய எழுத்துமுறையைப் பழகிய மாணவர், அதே நிரலை இன்றைய ஜிசிசியில் போட்டால் முதல் வரியிலேயே பிழை. "சார் சொல்லிக்கொடுத்தது தப்பா?" என்று பயந்து போவார்கள்.

ஒரு சின்ன சோதனை. ஃபேக்டோரியல் கணக்கிடும் நிரலை டர்போ சியில் சாதாரண முழு எண் வகையில் எழுதுங்கள். ஏழு வரை சரியாக வரும். எட்டுக்கு 40320 வர வேண்டிய இடத்தில் -25216 வரும். அங்கே முழு எண்ணுக்கு 16 பிட்தான், 32767-க்கு மேல் இடமில்லை. அதே நிரல் இன்றைய கம்பைலரில் 32 பிட்டோடு 12 வரை சரியாகப் போகும், 13-ல் பொதுவாகத் தப்பான எண் வரும். ஆனால் மைனஸ் இல்லாமல், பார்க்க நல்ல எண் மாதிரியே வரும். இதுதான் இன்னும் ஆபத்து. பைத்தானில் நூறுக்கும் போடலாம், சலிக்காமல் சரியான விடை தரும்.

அப்போ பைத்தானே போதுமே என்றால், இங்கேதான் எனக்கு அந்தக் கட்சியோடும் ஒரு சண்டை. டேட்டா சயின்ஸ் என்று போகிறவர் இரண்டாம் மாதமே நம்பைக்குள் நுழைகிறார். அங்கே முழு எண் வழக்கமாக 64 பிட். ஒன்று முதல் 21 வரை பெருக்கினால் மைனஸ் எண் வரும், எச்சரிக்கை எதுவும் வராது. சியில் அடிபட்டவருக்கு உடனே பொறி தட்டும். பைத்தான் மட்டும் பார்த்தவர் நம்பை கெட்டுப்போச்சு என்று நினைப்பார். பைத்தான் எளிது என்பது உண்மை. எதை மறைத்து எளிதாக்குகிறது என்பதைச் சொல்லாமல் விற்பதுதான் தவறு.

இதற்காக சியில்தான் தொடங்க வேண்டும் என்று மிரட்டுவதும் எனக்குப் பிடிக்காது. 1975-ல் டெய்க்ஸ்ட்ரா, பேசிக் மொழியில் பழகிய மாணவர்கள் தேறவே மாட்டார்கள் என்கிற தொனியில் எழுதினார். லினஸ் டோர்வால்ட்ஸ் சிறுவயதில் தொடங்கியதே கொமடோர் விக்-20 கணினியில், பேசிக் மொழியில்தான். எம்ஐடியே பல வருடங்கள் ஸ்கீமில் நடத்திய அறிமுகப் பாடத்தை நிறுத்திவிட்டு பைத்தானுக்கு மாறியது. முதல் மொழி தலையெழுத்து இல்லை.

ஆனால் முதல் ஆறு மாதத்தில் மொழி மாற்றுவது வேறு விஷயம். லூப், ஃபங்ஷன், பிழைச்செய்தியைப் படிப்பது, இவை கைக்கு வருவதற்குள் "இப்போ ரஸ்ட்தான் ஹாட்" என்று தாவினால், இரண்டு மொழியிலும் ஹலோ வேர்ல்டு மட்டும் தெரிந்தவராக நிற்பீர்கள். இரண்டாவது மொழி சுலபமாக வருவது முதலாவது ஒழுங்காக வந்தவருக்கு மட்டும்தான்.

கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இது. எந்த ஊரில், எந்த மாதிரி வேலைக்குப் போக விருப்பமோ, அதற்கான ஃப்ரெஷர் விளம்பரங்களை ஒரு முப்பது திறந்து வைத்து நீங்களே எண்ணுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. சர்வீஸ் கம்பெனி பக்கம் ஜாவா குவியும், வெப்சைட் செய்யும் சின்னக் கம்பெனிகளில் ஜாவாஸ்கிரிப்ட் குவியும். எண்ணியும் முடிவு வரவில்லை என்றால் பைத்தான் எடுங்கள், கூடவே ஒரு பதினைந்து நாள் சியில் அந்த ஃபேக்டோரியலை எழுதிப் பாருங்கள். பழைய லேப்டாப்தான் இருக்கிறது, இன்ஸ்டால் பண்ணவே தகராறு என்றால் ஜாவாஸ்கிரிப்ட். பிரவுசரிலேயே ஓடும்.

எண்ணும்போது இன்னொன்றும் கண்ணில் படும். மொழி எதுவானாலும் பல விளம்பரங்களில் பக்கத்தில் எஸ்க்யூஎல் உட்கார்ந்திருக்கும். பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்திலேயே பைத்தானுக்குப் பின்னால் அது இருக்கு. அந்தப் பாடங்களை மார்க்குக்காக மனப்பாடம் செய்து தாண்டி வந்தவர்கள், புத்தகத்தை எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம்.