உப்பூரும் பயணியின் பார்வையும்

பெரிய முதலியார்சாவடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே செல்வோர் மரக்காணத்தை அணுகும்போது, மேற்கே கழுவேலி ஏரியும் ஊரைச் சூழ்ந்த உப்பளங்களும் கண்ணுக்குப் புலனாகும். கழுவேலி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டபின் இவ்வட்டாரத்தைப் பற்றிய பயண வருணனைகள் பெருகியுள்ளன. நாம் படித்தவற்றுள் பெரும்பாலானவை ஒரே வார்ப்பில் அமைந்தவை. ஏரியில் பூநாரைகள், அருகே இடிந்த ஆலம்பரைக் கோட்டை, வழியில் வெண்ணிற உப்புக் குவியல்கள். அத்துடன் கட்டுரை முடிந்துவிடும். அக்குவியல் யார் கையால் குவிந்தது என்ற வினா எழுவதே இல்லை.

அரபுப் பயண இலக்கியத்தைப் பயிற்றுவிப்போர்க்கு இவ்விடத்தில் ஆப்பிரிக்கப் பாலைவனத்து உப்பூர் ஒன்று நினைவுக்கு வராமல் இராது. ஹிஜ்ரி 753இல் (1352) சிஜில்மாஸாவிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதா, இருபத்தைந்து நாள் பயணத்தின் பின் தகாஸாவை அடைந்தார். இன்றைய மாலி நாட்டின் வடபகுதியில் இருந்த ஊர் அது. வீடுகளும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் ஆனவை. கூரையோ ஒட்டகத் தோல். மரம் ஒன்றுகூட இல்லை. இவ்வளவையும் இன்றைய சுற்றுலா எழுத்தாளரும் எழுதிவிடுவார். ஆனால் இப்னு பதூதா அத்துடன் நிற்கவில்லை. அங்கு வாழ்வோர் மஸூஃபா கூட்டத்தாரின் அடிமைகளே என்கிறார். அவர்கள் உப்பை வெட்டுவதையும், வெளியூர்களிலிருந்து வரும் பேரீச்சம்பழம், தானியம், ஒட்டக இறைச்சி ஆகியவற்றால் உயிர் வாழ்வதையும் பதிவு செய்கிறார். ஒரு சுமை உப்பு ஈவாலாத்தனில் எட்டுப் பத்து மிஸ்கால் பெறும் என்றும், மாலியின் தலைநகரில் இருபது முப்பது, சில வேளை நாற்பதுகூடப் பெறும் என்றும் கணக்கிட்டுக் காட்டுகிறார். உழைப்பு ஓரிடத்திலும் ஆதாயம் வேறிடத்திலும் இருப்பதை வாசகர் தாமே உணர்ந்துகொள்கிறார்.

இதற்காக அவரை அளவுக்கு மீறிப் புகழ நாம் விரும்பவில்லை. காழியாகப் பணியாற்றிய அவர், அவ்வடிமைகளின் நிலை குறித்து நீதியின் குரலில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தமக்குக் கிடைத்த உவர்நீரையும் மொய்த்த ஈக்களையும் பற்றி நொந்துகொள்ளும் அளவுக்கு, அதே நீரை ஆயுள் முழுதும் அருந்தியோரைப் பற்றி நோகவில்லை. திரும்பும் வழியில் ஏறத்தாழ அறுநூறு அடிமைப் பெண்களைக் கொண்ட வணிகக் கூட்டத்துடன் அவர் பயணம் செய்ததும் அந்நூலிலேயே உள்ளது. ‘இப்ரத்’ எனும் படிப்பினையும் ‘உபூர்’ எனும் கடத்தலும் ஒரே வேர்ச்சொல்லில் பிறந்தவை. கண்டதைக் கடந்து அதன் உட்பொருளுக்குச் செல்வதே படிப்பினை. இப்னு பதூதா கண்டார், கடக்கவில்லை. நம் காலத்துக் கட்டுரையாளரோ காணவே இல்லை. குறைகளுக்கிடையிலும் முன்னவரின் பக்கங்கள் நிலைத்திருப்பதற்கு இதுவே காரணம் எனலாம்.

தமிழ் மரபுக்கும் இப்பார்வை புதிதன்று. மரக்காணமே பண்டைய எயிற்பட்டினம் எனக் கருதும் அறிஞர் உளர். அப்பட்டினத்திற்கு வழிகாட்டும் சிறுபாணாற்றுப்படை, உப்பு வண்டியோட்டிச் செல்லும் உமணர்களின் குழந்தைகளோடு மந்தி விளையாடுவதைக்கூட மறவாமல் காட்டுகிறது.

ஏரியின் அழகைப் பாட வேண்டாம் என்பதன்று நம் கருத்து. ஆயினும் கழுவேலியை நிரப்பிப் பறவைகளை வரவழைக்கும் அதே வடகிழக்குப் பருவமழைதான் உப்புப் பாத்திகளை மூழ்கடித்து வேலையை நிறுத்துகிறது. பயணியின் கண்ணுக்கு விருந்தாகும் மாதங்கள் உப்பளத் தொழிலாளிக்குக் கூலியற்ற மாதங்கள். இந்த ஓர் உண்மையைச் சொல்லும் பயணக் கட்டுரை நம் கண்ணில் இதுவரை படவில்லை.

தகாஸாவைப் பற்றிய அப்பகுதியை மாணவர்களுக்கு இனி வகுப்பறையில் நடத்துவதில்லை என்று எண்ணியுள்ளோம். கோடையில், உப்பு வாரும் காலத்தில், மரக்காணத்துப் பாத்தி வரப்பில் அவர்களை அமரவைத்து நடத்த வேண்டும். வெயில் ஏறும் முன்னர்.