கணக்கில் வராத கூலி

வீட்டு கராஜில் பழைய காரைப் பிரித்துப் போடுகிற பிரிட்டிஷ்காரர்களுக்கு 'வீலர் டீலர்ஸ்' ஏறக்குறைய வேதம். 2003-ல் ஆரம்பித்த டி.வி. நிகழ்ச்சி. மைக் ப்ரூவர் பேரம் பேசி ஓர் ஓட்டை வண்டியை வாங்கி வருவார். நெடுநெடு எட் சைனா, ஆரஞ்சுக் கையுறை மாட்டிக்கொண்டு அதைச் சரி செய்வார். விற்று, லாபம் சொல்லிக் கைகுலுக்கி முடிப்பார்கள்.

பார்க்க சுவாரஸ்யம்தான். எட் விளக்கினால் நமக்கே ஸ்பானர் எடுக்கத் தோன்றும். ஆனால், அந்த லாபக் கணக்கிலும் ஓர் ஓட்டை. வாங்கிய விலை உண்டு, ஸ்பேர் பார்ட்ஸ் உண்டு. எட் சைனாவின் கூலி மட்டும் கிடையாது!

இதை நம்பி, ஷெட்டில் துருப்பிடித்துத் தூங்கும் ஜாகுவார் எக்ஸ்.ஜே.எஸ். ஸ்போர்ட்ஸ் கூப்பேயை மலிவாக வாங்குகிறவர் கதி? 1975-ல் வந்த மாடல். 12 சிலிண்டர். டிஸ்ட்ரிப்யூட்டர் இரண்டு வரிசைக்கும் நடுப்பள்ளத்தில், குழாய்க் காட்டுக்கு அடியில். ஆரம்ப மாடல்களில் பின் பிரேக் சக்கரத்தில் இருக்காது. உள்ளே டிஃபரன்ஷியலை ஒட்டி இருக்கும். டிஸ்க் மாற்றுவதற்காகப் பின் சஸ்பென்ஷனையே மொத்தமாக இறக்குகிறவர்கள் உண்டு. டி.வி-யில் இதெல்லாம் ஒரு விளம்பர இடைவேளை. வீட்டில் பல ஞாயிற்றுக்கிழமைகள்.

2017-ல் எட் விலகிவிட்டார். ஒர்க்‌ஷாப் காட்சிகளைக் குறைக்கச் சொன்னார்களாம். கூலியைக் காட்டாதவர்கள், கடைசியில் வேலையையும் காட்ட வேண்டாம் என்றதில் ஆச்சரியமில்லை.

பழைய எபிசோடுகள் கிடைத்தால் அவசியம் பாருங்கள். கடைசியில் வருகிற கணக்கை மட்டும் நம்பாதீர்கள்.