பாதியில் செத்த நாயகன்: ஒன்லைன் திருத்துவதன் அரசியல்

1952இல் வெளிவந்த அகிரா குரோசாவாவின் 'இகிரு' (வாழ்தல்) படத்துக்குத் திரைக்கதை எழுதியவர்கள் மூன்று பேர்: குரோசாவா, ஷினோபு ஹஷிமோட்டோ, ஹிடியோ ஒகுனி. ஹஷிமோட்டோ 2018இல் தன் நூறாவது வயதில் இறந்தார். 2006இல் அவர் வெளியிட்ட நினைவுநூலில் ஒரு சம்பவம் வருகிறது. ஹகோனேயில் ஒரு விடுதி. ஹஷிமோட்டோ ஏற்கனவே எழுதிக்கொண்டு வந்த வரைவை வைத்துக்கொண்டு குரோசாவாவும் அவரும் உட்கார்ந்து எழுதுகிறார்கள். வேலை நன்றாகவே ஓடுகிறது. தாமதமாக வந்து சேர்கிற ஒகுனி, அதுவரை எழுதிய தாள்களை வாசித்துவிட்டு, இந்த ஆள் கதையின் நடுவிலேயே செத்துப்போக வேண்டும் என்கிறார். குரோசாவாவுக்குக் கோபம். இவ்வளவு எழுதின பிறகா இதைச் சொல்கிறாய் என்கிற கோபம். தாள்களைக் கிழித்துப் போடுகிறார். பிறகு மறுபடி தொடங்குகிறார்கள்.

பெரிய மனிதர்களின் கோபதாபக் கதையாக இதைச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். நம்ம ஊரில் சினிமா பற்றிய பேச்சு பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்தக் கிழித்தல். ஒகுனியின் யோசனையை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்பது பாதிச் செய்திதான். ஏற்றுக்கொண்டதால் பழைய வரைவு உயிரோடு இருக்க முடியாமல் போயிற்று என்பது மீதி.

கோடம்பாக்கத்தில் 'ஒன்லைன்' என்று ஒரு சாமான் உண்டு. காட்சிக்கு ஒரு வரி என்று முழுக்கதையையும் வரிசையாக எழுதி வைப்பது. வசனம் எழுத உட்காருவதற்கு முன்னால் செய்கிற வேலை. வரைவு எழுதி முடித்த பிறகு அது உதைக்கிறது என்று தெரிந்தால் மறுபடி ஒன்லைன் போடுகிறோம். இந்த இரண்டாவது ஒன்லைனுக்கு என்ன அந்தஸ்து? வழக்கத்தில் அது ஒரு திருத்தப் பட்டியல். இதைத் தூக்கு, அதை முன்னால் போடு, இங்கே ஒரு சீன் சேர். வரைவு என்கிற வீடு அப்படியே நிற்கும். சுவரில் ஒரு ஜன்னல் புதிதாக வரும். நான் சொல்ல வருவது, திருத்திய ஒன்லைன் அந்த வரைவின் மீதான முதல் விமர்சனம் என்பது. எழுதியவர்களே எழுதியதை எதிர்த்து வாசித்த வாசிப்பு. அதை ஒட்டுப்போடும் வேலைக்குப் பயன்படுத்தினால் அந்த வாசிப்பு செத்துவிடும்.

ஒகுனி மாற்றியது எதை? ரஷ்ய உருவவாதிகள் நடந்த சம்பவங்களின் தொகுதியையும், அவை சொல்லப்படுகிற வரிசையையும் பிரித்துப் பார்க்கச் சொன்னார்கள். அந்தக் கணக்கில் சம்பவம் ஒன்றும் மாறவில்லை. நகராட்சி அலுவலகத்தில் மக்கள் குறைதீர்ப்புப் பிரிவின் தலைவர் வதனாபே. முப்பது வருஷம் முத்திரை குத்தியே காலம் தள்ளியவர். வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்ததும் குடித்துப் பார்க்கிறார், ஆட்டம் பார்க்கிறார், அலுவலகத்தை விட்டுப் பொம்மைத் தொழிற்சாலைக்குப் போன ஒரு இளம்பெண்ணின் பின்னால் அலைகிறார். கடைசியில் ஒரு சாக்கடைக் குட்டையைத் தூர்த்துக் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பூங்கா கட்டவைத்துவிட்டு, பனி கொட்டுகிற இரவில் அங்கேயே ஊஞ்சலில் உட்கார்ந்து சாகிறார். குரோசாவா முதலில் கொடுத்த கரு, இன்னும் 75 நாளில் சாகப்போகிற ஒரு மனிதன் என்பதுதான். அதை நேராகச் சொன்னால் நோய், தவிப்பு, ஞானம், செயல், மரணம் என்று ஏறிப்போகிற படிக்கட்டு. மகான்களின் கதை இப்படித்தான் எழுதப்படும். எம்.ஜி.ஆர் படமும் இப்படித்தான்.

திருத்திய வரிசையில் வதனாபே வேலையைத் தொடங்குகிற இடத்திலேயே, ஐந்து மாதம் கழித்து இந்தக் கதையின் நாயகன் இறந்தான் என்று கதைசொல்லியின் குரல் போட்டு உடைக்கிறது. அதற்குப் பிறகு, படத்தின் ஏறத்தாழக் கடைசி மூன்றில் ஒரு பங்கு, இழவு வீடு. சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் யார்? அந்தப் பூங்கா வராமல் இருக்க என்னென்ன செய்ய முடியுமோ அத்தனையும் செய்த அதிகாரிகள். துணை மேயர் நடுநாயகமாக உட்கார்ந்து, பூங்காவை ஒரு தனி ஊழியன் கட்டிவிட்டதாக நினைப்பது நிர்வாகம் தெரியாதவர்கள் பேச்சு என்று விளக்கம் தருகிறார். மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். ஒரு மனிதன் செய்த வேலையைச் சொல்லும் உரிமை அவனைத் தடுத்தவர்கள் கைக்குப் போய்விட்டது. பூங்காவை அரசு திருடுகிறது என்பதை ஒரு வசனமாகச் சொல்லாமல் கதையின் வடிவமாகவே ஆக்கிவிட்டார்கள். வரிசையை மாற்றினால் யார் பேசுவது, யாரைப் பற்றிப் பேசுவது என்பது மாறிவிடும். இதை அழகியல் உத்தி என்று மட்டும் ஒதுக்கிவிட்டு நகர்கிற விமர்சனத்தோடு எனக்கு ஒத்துவராது.

அந்தச் சேரிப் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தின் தொடக்கத்தில் குட்டை நாறுகிறது என்று மனு கொண்டுவந்து, ஒவ்வொரு பிரிவாக விரட்டப்பட்டு, சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்பவர்கள். இழவு வீட்டில் துணை மேயர் பேசி முடித்த பிறகு அவர்கள் உள்ளே வருகிறார்கள். யாரையும் பார்ப்பதில்லை. ஊதுவத்தி வைத்து அழுகிறார்கள், போய்விடுகிறார்கள். பேச்சே கிடையாது. அதிகாரிகள் தலை நிமிர முடியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் துணை மேயர் எழுந்து போய்விடுகிறார். நேர்வரிசையில் எழுதியிருந்தால் இந்தப் பெண்கள் திறப்புவிழாவில் கை கூப்பி நிற்கும் நன்றிக் கூட்டமாகத்தான் வந்திருப்பார்கள். இங்கே அவர்களுடைய அழுகை ஒரு சாட்சியம், மறுப்பு.

இனி தொழில் விஷயம். நாயகனைப் பாதியில் சாகடித்துவிட்டால் இரண்டாம் பாதியின் எந்தக் காட்சியையும் பழைய வரைவிலிருந்து தூக்கி வைக்க முடியாது. காரணம் சின்னது. ஒவ்வொரு காட்சிக்கும் இப்போது ஒரு சொந்தக்காரர் வேண்டும். யாரோ பார்த்திருந்தால்தான் அது கதையில் வர முடியும். வதனாபே துணை மேயர் முன்னால் குனிந்து நின்றதைப் பார்த்தது யார்? அந்த நிலத்தின் மீது கண் வைத்த ரவுடிகள் மிரட்டியபோது பக்கத்தில் யார்? ஊஞ்சலைப் பார்த்தது யார்? அதற்கு ஒரு போலீஸ்காரர் வேண்டும். கிடந்த தொப்பியை எடுத்துக்கொண்டு அவர் இழவு வீட்டுக்கு வர வேண்டும். முதல் பாதியும் தப்புவதில்லை. நடுவில் சாவை அறிவிக்க ஒரு குரல் வேண்டுமென்றால் அது திடீரென்று முளைக்க முடியாது. முதல் ஃப்ரேமிலிருந்தே இருந்தாக வேண்டும். படம் வயிற்றின் எக்ஸ்ரேயின் மேல் அந்தக் குரலோடு தொடங்குகிறது. எது முதலில் தோன்றியது என்பதற்கு என்னிடம் ஆவணம் இல்லை. முடிந்த படத்திலிருந்து பின்னோக்கி நான் வாசிக்கிற வாசிப்பு இது. டால்ஸ்டாயின் 'இவான் இலியிச்சின் மரணம்' (1886) சாவுச் செய்தியில் தொடங்கிப் பின்னால் போகும். 'இகிரு'வுக்குத் தூண்டுதல் அந்தக் கதை என்று பலரும் சொல்வதுண்டு. ஆனால் சாவை நடுவில் வைத்தது வேறு கணக்கு.

இதை இவ்வளவு விலாவாரியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் நாலைந்து நண்பர்கள் சேர்ந்து ஒரு படம் எடுக்கத் திரைக்கதை எழுதினோம். தலித் மக்களின் பிணம் ஊர்த்தெரு வழியாகச் சுடுகாட்டுக்குப் போகக்கூடாது என்று மறிக்கிற கதை. கற்பனை செய்ய வேண்டிய அவசியமே இல்லாத கதை. முதல் வரைவில் 84 சீன். வெளியூரில் படித்துத் திரும்புகிற இளைஞன், மனு, ஆர்.டி.ஓ. ஆபீஸ், சாலை மறியல், கடைசியில் பாதை திறக்கிறது. வாசித்துக் காட்டினோம். குழுவில் ஒரு தோழி இருந்தார். அவர் வீட்டில் நடந்த சம்பவத்திலிருந்துதான் கதையே கிளம்பியது. கடைசிவரை கேட்டுவிட்டு, "எங்க அப்பாயி பொணம் எங்க தோழர் கெடக்கு இந்தக் கதையில? மூணாவது சீனோட காணாமப் போச்சே?" என்றார்.

ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அன்று ராத்திரியே புது ஒன்லைன் போட்டோம். பிணம் பாதையில் கிடக்கிறது. ஒரே பகல், ஒரே ராத்திரி. வருகிறவர்கள் எல்லாரும் அதனிடம்தான் வர வேண்டும், வி.ஏ.ஓ., இன்ஸ்பெக்டர், தலைவர், இளைஞன் எல்லாரும். 41 வரி. நல்ல ஒன்லைன் என்று இப்போதும் சொல்வேன்.

பிறகு எழுத உட்கார்ந்தோம். அங்கேதான் கோளாறு. ஒரு பக்கம் புது ஒன்லைன், மறுபக்கம் பழைய வரைவு. எதையும் கிழிக்கவில்லை. இளைஞன் கல்லூரியில் பேசுகிற பேச்சு ஒன்று இருந்தது, நான் எழுதியது. நல்லா வந்திருக்கே, விட மனசு வரலை என்று அதை ஃப்ளாஷ்பேக் ஆக்கினோம். மறியல் காட்சி பெரிசாக இருக்கும் என்று அதுவும் தங்கியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் கிடைத்தது. இரண்டாம் வரைவு முடிந்தபோது 79 சீன். பிணம் தலைப்பிலும் முடிவிலும் இருந்தது. நடுவில் மறுபடியும் இளைஞன். ஒன்லைனில் ஒத்துக்கொண்ட விமர்சனத்தை வரைவில் திருப்பி வாங்கிக்கொண்டோம். இதைக் கூட்டுப் பொறுப்பு என்று மழுப்ப விரும்பவில்லை. பேச்சு என்னுடையது, மனசு வராததும் எனக்குத்தான்.

எழுதி முடித்த தாளுக்கு ஒரு சொத்துக்குணம் வந்துவிடுகிறது. உழைப்பு போட்டிருக்கிறோம், ஆகவே நமது. வரைவில் நன்றாக வந்த காட்சிகள்தான் அதிக ஆபத்து. மோசமான காட்சியைத் தூக்க யாரும் யோசிப்பதில்லை.

ஹஷிமோட்டோ பிற்காலத்தில் ஒரு குறை சொல்கிறார். 'இகிரு', 'ஏழு சாமுராய்' காலத்தில் ஒருவர் முதலில் ஒரு வரைவு எழுதுவார். அதை வைத்துக்கொண்டு எல்லாரும் இறங்குவார்கள். 'ஏழு சாமுராய்'க்கு (1954) முன்னால் இப்படி இரண்டு முயற்சிகள் குப்பைக்குப் போயின. ஒரு சாமுராயின் ஒரு நாள் என்ற திட்டம், அந்தக் காலத்தில் மதியச் சாப்பாடு உண்டா என்பதை உறுதிப்படுத்த முடியாமல் நின்றது. அடுத்து வாள்வீரர்களின் வாழ்க்கைகளைக் கோத்த ஒரு வரைவு; எல்லாமே உச்சகட்டமாக இருந்ததால் அதுவும் போயிற்று. 1955இல் வந்த 'இகிமோனோ நோ கிரோகு' படத்திலிருந்து முதல் வரைவு என்பதே இல்லாமல் எல்லாரும் நேரடியாக இறுதிப் பிரதியையே எழுதத் தொடங்கினார்கள், அங்கிருந்துதான் சரிவு என்பது அவர் கட்சி. குரோசாவாவின் பிந்திய படங்களை ஒட்டுமொத்தமாகச் சரிவு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் முறை பற்றி அவர் சொல்வது சரி. நேராக இறுதிப் பிரதி எழுதுபவர்களிடம் கிழிக்க ஒன்றும் இருப்பதில்லை.

2022இல் ஆலிவர் ஹெர்மானஸ் இயக்கத்தில், கஸுவோ இஷிகுரோ திரைக்கதையில் 'இகிரு' ஆங்கிலத்தில் 'லிவ்விங்' என்று மறுபடி வந்தது. 1950களின் லண்டன். அங்கும் நாயகன் முடிவுக்கு முன்பே இறக்கிறான். ஆனால் அவன் இளம் ஊழியனுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போகிறான். படம் மென்மையானது, எனக்குப் பிடிக்கவும் செய்தது. ஆனால் செத்தவனுக்குப் பேச்சைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஜப்பானியப் படத்தில் அந்தச் சலுகை கிடையாது. குடித்துவிட்டு வதனாபே மாதிரி வாழ்வோம் என்று சபதம் செய்தவர்கள் மறுநாள் அலுவலகத்தில் பழையபடி மனுவை அடுத்த பிரிவுக்குத் தள்ளுகிறார்கள். ஒருத்தன் மட்டும் எழுந்து நிற்கிறான். நின்றவன் பேசாமல் உட்கார்ந்து காகிதக் கட்டுக்குப் பின்னால் மறைந்துபோகிறான்.

எங்கள் படம் எடுக்கப்படவில்லை. பணம் இல்லாததும் காரணம். தோழி போன மாதம் வந்திருந்தார், தானே எழுதிப் பார்க்கப் போவதாகச் சொன்னார். இரண்டு வரைவுகளையும் எடுத்து மேஜைமேல் வைத்தேன். 41 வரி எழுதின அந்த ரெண்டு தாளை மட்டும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "இது போதும் தோழர். மத்ததை நீங்களே வச்சுக்கங்க."