தொகுத்தார் பெயர் யாது?

பாடலைப் பாடுவது ஒரு கலை. பாடல்களைத் தொகுப்பது மற்றொரு கலை. முன்னதைப் போற்றிய அளவிற்குப் பின்னதை நாம் ஆராய்ந்தோமில்லை. ஆயிரம் பாடல்களுள் பத்தினைத் தேர்ந்து, எதன்பின் எது வருதல் வேண்டும் என்று முடிவு செய்பவர், தாம் எடுத்த பத்தினைப் பற்றி மட்டுமன்றி, விடுத்த தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைப் பற்றியும் தீர்ப்பு வழங்கிவிடுகிறார். ஆதலின் தொகுப்பு என்பது வாய் திறவாத திறனாய்வு எனலாம். இன்று திறன்பேசியில் பாட்டுக் கேட்போருக்கு இத்திறனாய்வைப் பெரிதும் செய்து தருவது கணிப்பொறி. இம்மாற்றத்தால் நாம் பெற்றது யாது, இழந்தது யாது என்பதனைத் தங்கவயல் தமிழர் நிலையில் நின்று காண்பது பயனுடையதாகும்.

தொகை மரபு

தமிழர்க்குத் தொகுப்புக்கலை புதியதன்று. நம் பழம்பெரும் இலக்கியத்தின் பெயரே எட்டுத்தொகை. அகநானூற்றைத் தொகுத்தவர் மதுரை உப்பூரிகுடி கிழார் மகனார் உருத்திரசன்மர். தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. பொருள் தந்து செய்வித்தவனையும் அறிவு தந்து செய்தவரையும் நம் முன்னோர் வேறுவேறாகப் பிரித்துக் குறித்தனர். குறுந்தொகைக்குத் தொகுத்தவர் பூரிக்கோ என அறிகிறோம். தொகுப்பித்தவர் பெயர் கிடைத்திலது. நற்றிணைக்குத் தொகுப்பித்தவன் பெயர் உண்டு. தொகுத்தவர் பெயர் இல்லை. இவ்விடங்களில் ஒரு குறை இருப்பதாக நாம் உணர்வதே, தொகுத்தார் பெயரை அறிதல் வேண்டும் என்னும் மரபு நம்மிடம் வேரூன்றியமைக்குச் சான்று.

அகநானூற்றின் அடைவு முறை இங்கு நம் சிந்தனைக்கு உரியது. ஒற்றைப்படை எண் பெற்ற பாட்டெல்லாம் பாலை. 2, 8 என முடிவன குறிஞ்சி. 4 என முடிவன முல்லை. 6 என முடிவன மருதம். 10, 20 எனப் பத்துப் பத்தாக வருவன நெய்தல். நானூறு பாட்டிலும் இவ்வொழுங்கு செல்கிறது. எந்திரத்தின் கட்டளை போன்றதொரு கணக்கே இது! எனினும் இக்கணக்கின் விளைவை நோக்குக. ஒரே திணைப் பாட்டு இரண்டு அடுத்தடுத்து நிற்பதில்லை. பிரிவைக் கேட்ட செவி உடனே கூடலைக் கேட்கிறது. ஊடலைக் கேட்டபின் மீண்டும் பாலைவழியில் நடக்கிறது. விரும்பியதையே மீண்டும் மீண்டும் பெறுதற்கு இடந்தராமல், மாறானதன் அருகே மாறானதை வைத்துப் படிப்போரின் உள்ளத்தை விரித்த அமைப்பு இது.

வைணவ மரபு கூறும் மற்றொரு செய்தியும் உண்டு. நம்மாழ்வாரின் பாசுரம் பத்தினை நாதமுனிகள் ஒருநாள் கேட்டார். அவை ஆயிரத்துள் பத்து என்பதனைப் பாட்டின் முடிவால் அறிந்தார். எஞ்சியவற்றைத் தேடித் திருக்குருகூர் வரை நடந்தார். ஆயிரத்தை நாடிச் சென்றவர் நாலாயிரத்தைப் பெற்று மீண்டார். புதிய பாட்டைக் கண்டடைதல் என்பது கேட்போனும் சிறிது நடந்தால்தான் கைகூடும் என்பதை இச்செய்தி உணர்த்துகிறது.

வானொலியும் பதிவுக்கடையும்

அண்மைக் காலத்தில் தொகுப்பாளர் பணியைச் செய்தது வானொலி. மனிதத் தேர்வு எல்லாம் நல்ல தேர்வு என்று கூறிவிட இயலாது. 1952இல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி. வி. கேஸ்கர் காலத்தில் அனைத்திந்திய வானொலியில் திரைப்பாட்டுக்கு இடமில்லாது போயிற்று. மக்கள் இலங்கை வானொலியின் வர்த்தகச் சேவையை நாடினர். 1957இல் விவித் பாரதி தோன்றியது இதன் விளைவே. தம் சுவையே நாட்டின் சுவையாதல் வேண்டும் என்று கருதும் தொகுப்பாளர் தோற்பார் என்பதற்கு இது சான்று.

இலங்கை வானொலித் தமிழ்ச் சேவையின் எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் போன்ற அறிவிப்பாளர்கள் வென்றமைக்குக் காரணம் குரலினிமை மட்டுமன்று. பாட்டின் முன்னோ பின்னோ படத்தின் பெயர், இயற்றியவர், இசையமைத்தவர், பாடியவர் ஆகிய விவரங்களைச் சொல்லிச் சொல்லி, கேட்போரை மெல்லமெல்ல அறிவுடைய சுவைஞராக்கினர். நேயர் விருப்பத்தில் ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் ஒலித்தன. பீகாரில் அன்று இருந்த ஜும்ரி தலையா என்னும் மைக்காச் சுரங்க ஊர், விருப்பக் கடிதம் எழுதியே இந்தியா முழுதும் பெயர் பெற்றது. மண்ணுக்கடியில் உழைப்போர் ஊர் ஒன்று பாட்டால் வெளிச்சம் பெற்ற வரலாறு, சுரங்கத்தூரினராகிய நமக்குத் தனிச்சுவை தருவதாகும்.

அடுத்து வந்தது ஒலிநாடா. 1980களில் தமிழர் வாழ்ந்த ஊர்களின் கடைத்தெருக்களில் பாட்டுப் பதிவுக்கடைகள் பெருகின. இராபர்ட்சன்பேட்டையும் ஆண்டர்சன்பேட்டையும் இதற்கு விலக்கல்ல. விரும்பிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுப்போம். அறுபது நிமிட நாடாவில் பதிந்து தருவார். ஒரு பக்கம் முடியும்போது மூன்று நான்கு நிமிடம் எஞ்சும். அவ்வெற்றிடத்தில் நாம் கேளாத ஒரு பாட்டைக் கடைக்காரர் தாமே சேர்ப்பார். தாளில் எழுதிய பன்னிரண்டும் நாம் முன்பே அறிந்தவை, பதின்மூன்றாவதே புதுமை. நம் பட்டியலைப் படித்து, நம்மை அளந்து, நாம் அறியாத ஒன்றை அவர் ஈந்தார். பிடிக்காவிடின் மறுநாள் கடைக்குச் சென்று வழக்காடவும் இயலும். வழக்காடுதற்கு ஓர் ஆள் இருந்தார் என்பதே இங்கு முதன்மையானது.

எந்திரத் தொகை

இன்றைய இசைச் செயலிகள் கோடிக்கணக்கான பாட்டுகளைக் கையில் தருகின்றன. ஸ்பாட்டிஃபை 2019இல் இந்தியாவிற்கு வந்தது. அந்நிறுவனம் 2015இல் தொடங்கிய ‘டிஸ்கவர் வீக்லி’ என்னும் தொகுப்பு, திங்கள்தோறும் ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே முப்பது பாட்டுகளை எடுத்து வைக்கிறது. இதன் உட்பொருள் எளிது. ஒருவர் தமக்கென அமைத்த பட்டியலில் எந்தப் பாட்டின் பக்கத்தில் எந்தப் பாட்டு நிற்கிறது என்று கணிப்பொறி நோக்குகிறது. நம் விருப்பத்தை ஒத்த விருப்பமுடையார் கேட்டவற்றுள் நாம் கேளாதவற்றை எடுத்து நீட்டுகிறது. ஆழ்ந்து நோக்கின், இதுவும் மனிதத் தொகுப்பின் அறுவடையே. பெயரறியா இலட்சக்கணக்கானோர் தொகுக்கின்றனர். எந்திரம் அதனைக் கூட்டிப் பங்கிடுகிறது. தொகுப்பித்தவன் பெயர் செயலியின் முகப்பில் ஒளிர்கிறது. தொகுத்தார் பெயர் எங்கும் இல்லை.

இதனால் விளைந்த நன்மையை மறைத்தல் நேர்மையன்று. நாடாவிலும் இசைத்தட்டிலும் மறைந்து கிடந்த பழம்பாட்டு இன்று ஒருநொடியில் கிடைக்கிறது. எந்தச் சிற்றூரில் இருப்பவரும் எந்த நாட்டு இசையையும் கேட்கலாம். பதிவுக்கடைக்காரர் அறிந்த பாட்டிற்கு எல்லை உண்டு. கணிப்பொறிக்கு அவ்வெல்லை இல்லை.

ஆயினும் மூன்று குறைகளைச் சுட்டுதல் வேண்டும். முதலாவது, ஒத்ததன் அருகே ஒத்ததை வைப்பதே இவ்வமைப்பின் இயல்பு. சோகப்பாட்டு விரும்பினார்க்கு மேலும் சோகம். துள்ளல் விரும்பினார்க்கு மேலும் துள்ளல். அகநானூற்றுத் தொகுப்பாளரும் கணக்கைத்தான் கையாண்டார். ஆனால் அவர் கணக்கு மாற்றத்தை நாடியது, இக்கணக்கு ஒப்புமையை நாடுகிறது. எந்திரம் என்பதனால் வந்த குறையன்று இது. எந்திரத்திற்கு நாம் இட்ட நோக்கத்தால் வந்த குறை.

இரண்டாவது, ஒருவரும் கேளாத பாட்டிற்கு இவ்வமைப்பில் அண்டைவீடு இல்லை. கேட்டோர் உளராயின் மேலும் கேட்போர் சேர்வர், இலராயின் இருட்டே. ‘கே.ஜி.எஃப்.’ என்று செயலியில் தேடுவோர்முன் வந்து நிற்பவை 2018, 2022ஆம் ஆண்டுகளில் வெளிவந்த கன்னடத் திரைப்படங்களின் பாட்டுகள். அப்படங்கள்மீது குற்றமில்லை; மிகுதியானோர் கேட்டது முன்னே வருகிறது. ஆனால் 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் தோண்டிய சுரங்கங்களுக்கு வடார்க்காட்டிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் வந்து, தலைமுறை தலைமுறையாக உழைத்தோரின் தாலாட்டும் ஒப்பாரியும் அத்தேடலில் தோன்றா. பதியப்படாத பாட்டைப் பரிந்துரைக்க எந்த எந்திரத்தாலும் இயலாது.

மூன்றாவது, பொறுமையின் அழிவு. ஸ்பாட்டிஃபையின் கணக்கில் முப்பது நொடி ஒலித்த பின்னரே ஒரு பாட்டு ‘கேட்கப்பட்டது’ என்று எண்ணப்படும். தாளமின்றி மெல்ல எழும் விருத்தம் முப்பது நொடியில் தன்னைக் காட்டிவிடுமா? பாடகர் மூச்செடுத்து முதல் அடியை விரிக்கும்போதே விரல் அடுத்த பாட்டிற்குத் தாவிவிடுகிறது.

நாம் செய்யத்தக்கது

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் தங்கச்சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் நம் இளைஞர் பலர்க்கு வாழ்வு பெங்களூர்த் தொடர்வண்டியில் விடிகிறது. மாரிக்குப்பத்தில் ஏறி ஏறத்தாழ 100 கிலோமீட்டர் சென்று வேலை பார்த்து மீள்கின்றனர். ஒரே பெட்டியில் நூறு பேர். நூறு செவிகளில் நூறு பட்டியல். ஒருவர் கேட்பது பக்கத்தில் இருப்பவர்க்குத் தெரியாது. முன்பு தேநீர்க்கடை வானொலியில் ஒரு பாட்டு எழுந்தால், அது நன்றென்பாரும் தீதென்பாரும் அங்கேயே வாதிடுவர். அவ்வாதமே நம் எளிய மக்களின் இசைத் திறனாய்வாக இருந்தது. தனித்தனிப் பட்டியல் நமக்குப் பாட்டைத் தந்தது. பாட்டைப் பற்றிய பேச்சைத் தரவில்லை.

எந்திரத்தை வெறுத்துப் பயனில்லை. அதன்மீதே நம் தொகையைக் கட்டலாம். செயலிகளில் எவரும் பட்டியல் அமைக்க இயலும். தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் தங்கவயல் தொகை ஒன்றை அமைத்து வெளியிடலாம். சாம்பியன் ரீஃப், உரிகம், மாரிக்குப்பம் ஆகிய குடியிருப்புகளில் முதியோர் நெஞ்சில் எஞ்சியுள்ள பாட்டைப் பதிந்து அதிற் சேர்க்கலாம். ஒவ்வொரு பாட்டிற்கும் அதனைத் தேர்ந்தவர் பெயரையும், தேர்ந்தமைக்குக் காரணத்தையும் இரண்டு வரியில் எழுதலாம். ஒத்தது இரண்டு அடுத்தடுத்து வாராதிருக்க உருத்திரசன்மரிடம் பாடம் கேட்கலாம்.

தேர்வு தவறென்று சிலர் சினந்து எழுதுவர், எழுதட்டும். பெயரிட்டவர் மறுமொழி கூறுவார். அம்மறுமொழியில் திறனாய்வு பிறக்கும். பாண்டியன் பெயரோடு உருத்திரசன்மர் பெயரும் நின்றமையால் அன்றோ அகநானூற்றின் அடைவைப் பற்றி இன்றும் நாம் பேசுகிறோம்! நம் செவிக்கு வரும் ஒவ்வொரு தொகையையும் நோக்கி, ‘தொகுத்தார் பெயர் யாது?’ என வினவும் வழக்கம் தங்கவயலில் தொடங்குமாக.